அகதி முகாமும் மாதர் க்ஷேமமும்

பிறந்த மண்ணைவிட்டு ஜனங்கள் கூட்டங்கூட்டமாக ஓடிவந்தார்கள் என்ற செய்தி பத்திரிகையில் வெளியாகும்பொழுது, எத்தனை லட்சம் பேர் வந்தார்கள், எந்த எல்லையைக் கடந்தார்கள், அரிசி அனுப்பியது எந்தச் சர்க்கார், கூடாரம் அனுப்பியது எந்த ஸ்தாபனம் என்றெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொள்கிற நாம், அப்படி வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்ட பெண்கள் அன்று இருட்டிய பிறகு எங்கே ஒதுங்கினார்கள், மாதவிலக்கான சிறுமி என்ன செய்தாள், நிறைமாதக் கர்ப்பிணிக்கு வலி எடுத்தபோது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்பதில்லை. நாகரிகம் கருதியே கேட்காமல் இருக்கிறோம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த நாகரிகத்துக்கு உரிய விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை அறிய விரும்புகிறவர்கள் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் ஜில்லாவின் சரித்திரத்தைப் படித்தாலே போதும்.

பர்மா என்று நம் பாட்டனார் காலத்தில் வழங்கிய மியான்மர் நாட்டில், அரக்கான் என்று பழைய பூகோள புஸ்தகங்களில் காணப்படும் ராக்கைன் மாநிலத்து ரோஹிங்கியா முஸ்லிம்களை, 1982-ஆம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டம் சொந்த மண்ணிலேயே அந்நியர்களாக்கிவிட்டது. 2017 ஆகஸ்ட் 25-ஆம் தேதி ஆயுதமேந்திய சிலர் போலீஸ் காவல் நிலையங்களைத் தாக்கியதைக் காரணமாக வைத்துக்கொண்டு ராணுவம் கிராமம் கிராமமாகப் புகுந்து எரித்தும் கொன்றும் நடத்திய கொடுமையினால், சில மாதங்களுக்குள் ஏழு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் நாஃப் நதியையும் சேற்று வயல்களையும் தாண்டிக் காக்ஸ் பஜாரின் உக்கியா, டெக்னாஃப் என்னும் இரண்டு தாலுகாக்களில் வந்து அடைந்தார்கள். குத்துப்பாலாங் என்ற இடத்தில் உலகத்திலேயே பெரிய அகதிக் குடியிருப்பு உண்டாயிற்று. பெண்கள்மீது நடந்த பலாத்காரம் பரவலாகவும் திட்டமிட்ட முறையிலும் கையாளப்பட்டது என்று ஐக்கிய நாடுகள் நியமித்த உண்மை அறியும் குழு 2018-இல் எழுதிவைத்திருக்கிறது. இவ்வளவும் எல்லோரும் அறிந்த கதை. எல்லையைக் கடந்ததோடு ஆபத்து தீர்ந்துவிட்டது என்று அப்போது உலகம் பெருமூச்சு விட்டதே, அதைப் பற்றித்தான் நான் சொல்ல வருகிறேன்.

காட்டை வெட்டிக் குன்றுகளை வழித்து, அந்தச் செம்மண் சரிவுகளில் மூங்கிலும் தார்ப்பாயுமாகக் குடிசைகள் எழும்பின. காலராவும் வயிற்றுக்கடுப்பும் வந்துவிடுமே என்ற பயத்தில் கழிப்பறைகளை அவசர அவசரமாகக் கட்டினார்கள். நாலு மூங்கிலை நட்டு, பிளாஸ்டிக் படுதாவைச் சுற்றி, ஆழமில்லாத குழியில் சில சிமெண்டு உறைகளை இறக்கிவிட்டால் ஒரு கழிப்பறை கணக்கில் ஏறிவிடும். இத்தனை ஆயிரம் கட்டி முடித்தோம் என்று அறிக்கைகளும் வெளியாயின. படுதாவில் மேலே கூரை உண்டா, சரிவின் மேல்பக்கத்துக் குடிசையிலிருந்து பார்த்தால் உள்ளே தெரிகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, ஆண்கள் வரிசையில் நிற்கும் பாதையைக் கடந்துதான் பெண்கள் போகவேண்டுமா, இரவில் விளக்கு உண்டா என்பவை அறிக்கையில் இடம்பெறுகிற விஷயங்கள் அல்லவே! பர்தா முறையில் வளர்ந்து, அந்நிய ஆண்கள் பார்வை படாமல் வீட்டு முற்றத்துக்குள்ளேயே புழங்கிப் பழகிய அந்த மாதர்கள் இதற்குத் தாங்களே ஒரு வழி கண்டுகொண்டார்கள். பகலில் சாப்பாட்டைக் குறைத்தார்கள். தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். முடியாதபோது குடிசைக்குள்ளேயே ஒரு மூலையைத் துணி கட்டி மறைத்துக்கொண்டார்கள். அதன் பலனாக அடிவயிற்று வலியும் சிறுநீர்க் கோளாறும் வந்தன.

ஓராண்டு கழித்து, 2018 ஆகஸ்டில், ஆக்ஸ்ஃபாம் ஸ்தாபனத்தார் பெண்களிடம் விசாரித்து வெளியிட்ட விவரத்தில், தண்ணீர் எடுக்கவோ கழிப்பறைக்கும் குளிக்கும் இடத்துக்கும் போகவோ அச்சமாக இருக்கிறது என்று சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். மாதவிலக்கு நாட்களுக்கு வேண்டியது தங்களிடம் இல்லை என்று சொன்னவர்கள் பெண்களில் பாதிப்பேர், குமரிப் பருவத்தவர்களில் நாலில் மூன்று பங்கு. வேண்டியது என்றால் துணி மட்டுமா? அதை அலச மறைவான இடமும் வெயிலில் உலர்த்த ஒரு கொடியும் வேண்டும். கொடி கட்டி வெளியே உலர்த்த வெட்கப்பட்டு, பாயின் அடியிலும் கூரையின் ஈரத்திலும் ஒளித்துவைத்து, அரைகுறையாக உலர்ந்த துணியையே திரும்ப உடுத்துவதால் நோய் வருகிறது என்பது நம் கிராமத்துப் பாட்டிமார்களுக்குக்கூடத் தெரிந்த வைத்தியம். திட்டம் வகுத்த இஞ்சினீயர்களுக்கு அது தெரிய ஓராண்டு பிடித்தது.

நிவாரணம் வழங்குவதிலும் இதே கதைதான். உடுத்த புடவையோடு ஓடிவந்தவர்களில் பலருக்குத் தலையை மூடிக்கொள்ள முக்காட்டுத் துணி இல்லை. முக்காடு இல்லாமல் ஆண்கள் நடுவே வரிசையில் போய் நிற்க மனம் வராமல், கணவனை இழந்தவள் தன் குழந்தைகளோடு குடிசையிலேயே பட்டினி கிடந்தாள். ஒருத்தியின் மேலாடையை இன்னொருத்தி வாங்கிப் போட்டுக்கொண்டு போய் வருவதும் உண்டு. பிற்பாடு பெண்களுக்கென்று கொடுக்கப்பட்ட சாமான் பையில், சோப்பு, உள்ளாடை, மாதவிலக்குத் துணி, டார்ச் விளக்கு ஆகியவற்றுடன் ஒரு முக்காட்டுத் துணியையும் சேர்த்தார்கள். அந்தப் பைக்குள் இருந்தவற்றில் ரொம்ப அற்பமாகத் தோன்றும் அந்தத் துணிதான் அரிசி மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

முகாமைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ‘மாஜி’ என்ற தலைவனை வங்கதேச ராணுவத்தார் ஆரம்பத்தில் நியமித்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். யாருக்கு எங்கே குடிசை, யார் பெயர் பட்டியலில் ஏறும் என்பதெல்லாம் அவர்கள் வாக்கில் நின்றது. நல்லவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். இருந்தாலும், இரவில் கதவைத் தட்டுகிறவனைப் பற்றிப் புகார் சொல்ல அவனுடைய சிநேகிதனிடமே போகவேண்டிய நிலையில் எந்தப் பெண் வாயைத் திறப்பாள்? ரேஷனை ஆள் கணக்குக்குப் பதிலாகக் குடும்பக் கணக்கில் கொடுத்த ஆரம்ப மாதங்களில் இன்னும் ஒரு விபரீதம் நடந்தது. பத்துப் பேர் உள்ள வீட்டுக்கும் இரண்டு பேர் உள்ள வீட்டுக்கும் ஏறக்குறைய ஒரே அரிசி என்றால், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண்ணை ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டால் அவளுக்கு ஒரு தனிக் கார்டு. பிறந்த வீட்டில் ஒரு வாய் குறைவு. பெற்றவர்களைக் கொடியவர்கள் என்று ஏசுவதில் பயன் இல்லை. பால்ய விவாகத்தை ஒழிக்க நூறு பிரசங்கங்கள் செய்த ஸ்தாபனங்களே, அரிசி நிறுக்கும் முறையால் அதை வளர்த்தன என்பதுதான் கவனிக்கவேண்டியது. பின்னால் தலைக்கு இவ்வளவு என்று மின்னணு அட்டை வந்தது. ஆள் கணக்கே நியாயம் என்பது முதல் நாளே தெரிந்திருக்கக்கூடிய விஷயம்.

விறகு சமாசாரம் எனக்கு மிகவும் பிடித்தமான உதாரணம். ஏனென்றால் இதில் வெற்றி இருக்கிறது. அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். எதைக் கொண்டு சமைப்பது என்று கேட்கவில்லை. பெண்களும் குழந்தைகளும் மைல் கணக்கில் நடந்து காட்டுக்குப் போனார்கள். அங்கே யானை இருந்தது. அதைவிடப் பயங்கரமான மனிதர்களும் இருந்தார்கள். விறகுக்குப் போன பெண்களுக்கு நேர்ந்த அவமானங்களுக்கு எத்தனையோ கூட்டங்கள் போட்டுப் பாதுகாப்புப் படை, ரோந்து, விழிப்புணர்ச்சி என்று யோசனைகள் சொன்னார்கள். 2018-இன் பிற்பகுதியிலிருந்து குடும்பங்களுக்குக் காஸ் அடுப்பும் சிலிண்டரும் கொடுக்க ஆரம்பித்தார்கள். காட்டுக்குப் போகவேண்டிய அவசியமே பெருமளவு அற்றுப்போயிற்று. குடிசைக்குள் புகை குறைந்தது, மொட்டையடித்த குன்றுகளில் மறுபடியும் பச்சை துளிர்த்தது, பெண்களுக்குக் காட்டுவழி ஆபத்தும் குறைந்தது. எந்த ரோந்துப் படையும் செய்ய முடியாததை ஒரு சிலிண்டர் செய்தது! பெண்களின் பாதுகாப்பைப் போலீசுக்கும் கோர்ட்டுக்கும் உரிய விவகாரமாக மட்டும் நினைக்கிற நமக்கு இது கொஞ்சம் கசப்பான பாடம். விறகு எங்கே, விளக்கு எங்கே, கழிப்பறை எந்தப் பக்கம், கார்டு யார் பெயரில் என்று முதல் வாரத்தில் செய்யும் தீர்மானங்களிலேயே அவளுடைய மானமும் உயிரும் பெரும்பாலும் நிர்ணயமாகிவிடுகின்றன.

பிரசவத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க இயலாது. வந்து சேர்ந்த ஒன்பது மாத காலத்தில் முகாம்களில் 16,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன என்றும், நாளொன்றுக்குச் சுமார் அறுபது பிரசவம் என்றும் யூனிசெஃப் 2018 மே மாதத்தில் கணக்குச் சொன்னது. அவற்றில் சிறு பகுதியே ஆஸ்பத்திரியில் நடந்தது. பலாத்காரத்தின் விளைவாகப் பிறந்த சிசுக்களும் அவற்றில் உண்டு. அந்தத் தாய்மார் அதை வெளியே சொல்லவும் முடியாமல் உள்ளே வைத்துக்கொள்ளவும் முடியாமல் பட்ட வேதனையைப் பிறர் எழுதிக்காட்டுவது சாத்தியமில்லை. நடுராத்திரியில் வலி எடுத்தால், மழையில் வழுக்கும் மண்படிகளில், மூங்கிலில் துணி கட்டித் தூளியாக்கி, நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கவேண்டும். ஆம்புலன்ஸ் வரும் பாதை குன்றின் அடியோடு நின்றுவிடுகிறது. பெரிய ஆபத்து என்றால் முகாமைவிட்டு வெளியே போகச் சோதனைச் சாவடியில் அனுமதி வேண்டும். ரத்தப்போக்குக் கண்ட தாய்க்கு அந்த அவகாசம் எங்கே கிடைக்கும்?

இதற்கு உலகம் ஒரு சிறிய பை செய்து வைத்திருக்கிறது. விரித்துப் படுக்க ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, ஒரு கட்டி சோப்பு, தொப்புள்கொடியை அறுக்கப் புதிய பிளேடு ஒன்று, கட்ட நூல், ஒரு ஜோடி கையுறை, குழந்தையைத் துடைத்துச் சுற்றத் துணி. ஆஸ்பத்திரியை எட்ட முடியாதவள் வீட்டிலேயே பெற நேர்ந்தால், சீழ்பிடித்தும் ஜன்னி கண்டும் சாகாமல் இருக்க இது உதவும். பையோடு கூடவே தேர்ந்த கைகளும் வேண்டுமே. அந்த விஷயத்தில் வங்கதேசத்துக்கு ஓர் அதிர்ஷ்டம் இருந்தது. 2010-க்குப் பிந்தைய வருஷங்களில் அந்தச் சர்க்கார் தொடங்கியிருந்த மூன்றாண்டு மருத்துவச்சிப் படிப்பில் தேறிய இளம்பெண்கள் நூற்றுக்கணக்கில் தயாராக இருந்தார்கள். ஐக்கிய நாடுகளின் மக்கள்தொகை நிதியம் அவர்களை முகாம்களுக்கு அனுப்பியது. சிட்டகாங் பக்கத்துப் பேச்சு ரோஹிங்கியா பாஷைக்கு நெருக்கமானதால், அந்தப் பேச்சு அறிந்தவர்களிடம் பெண்கள் மனம்விட்டுப் பேசினார்கள். தன் ஜனங்களுக்கென்று ஓர் ஏழை நாடு போட்ட முதல், அந்நியர்களின் உயிரைக் காக்கவும் பயன்பட்டது.

பலாத்காரத்துக்கு ஆளானவளுக்கு வைத்திய சாஸ்திரம் கொடுக்கிற கெடு மிகவும் குறுகியது. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும். கர்ப்பம் தரிக்காமல் தடுக்கும் மாத்திரையை 120 மணி நேரத்துக்குள். ஆகவே, எங்கே போவது என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும். அங்கே அவள் போவதைக் கண்டு அக்கம்பக்கத்தார் ஊகிக்காமலும் இருக்கவேண்டும். தையல் வகுப்பு, கைவேலை, வெறும் அரட்டை என்று எதன் பேரிலாவது எல்லாப் பெண்களும் சாதாரணமாக வந்துபோகிற மாதர் நிலையங்களைத் திறந்து, அதன் ஒரு பக்கத்து அறையிலேயே ஆலோசனை சொல்பவரையும் மருத்துவச்சியையும் வைத்ததற்குக் காரணம் இதுதான். வேலையற்றவர்கள் கூடும் இடம் என்று கேலி செய்தவர்களும் உண்டு. அந்த முகாம்களில் ‘சாந்தி மொஹிலா’ என்ற பெயரில் கூடிய சுமார் நானூறு ரோஹிங்கியாப் பெண்கள் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குத் தங்கள் வாக்குமூலத்தை அனுப்பினார்கள் என்பதை அவர்கள் அறிந்தால் கேலியைக் குறைத்துக்கொள்வார்கள்.

இவற்றையெல்லாம் உலகம் புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டியிருந்ததா என்றால், இல்லை. 1951-ஆம் வருஷத்து அகதிகள் உடன்படிக்கை, இனம், மதம், தேசியம், அரசியல் அபிப்பிராயம், சமூகக் குழு ஆகிய ஐந்து காரணங்களால் துன்புறுத்தப்படுகிறவர்களை அகதிகள் என்று சொல்லி, பெண் என்பதனால் துன்புறுகிறவளை மறந்துபோனது உண்மைதான். ஆனால் 1991-இலேயே ஐக்கிய நாடுகளின் அகதிகள் உயர் ஸ்தானிகர் அலுவலகம் அகதிப் பெண்களின் பாதுகாப்புக்கென்று வழிகாட்டி நூல் வெளியிட்டது. 1994-இல் அகதி மாதருக்குப் பிரசவ சம்பந்தமான வைத்தியம் எவ்வளவு மோசமாக இருக்கிறது என்று ஓர் ஆராய்ச்சி எடுத்துக்காட்டியது. அதே ஆண்டு கெய்ரோ மகாநாடும் அதை ஒப்புக்கொண்டது. அடுத்த சில வருஷங்களில், நெருக்கடி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கவேண்டிய குறைந்தபட்ச மகப்பேற்றுச் சேவைகளின் தொகுப்பு ஒன்று தயாராயிற்று. நிவாரணப் பணிக்கு இலக்கணம் வகுத்த ஸ்ஃபியர் என்னும் நூல், இருபது பேருக்கு ஒரு கழிப்பறை வீதம் வேண்டும், அவற்றில் ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று இருக்கவேண்டும், உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும் என்று பச்சையாகவே எழுதியிருக்கிறது. புஸ்தகம் இருந்தும் தாழ்ப்பாள் இல்லாமல் போனதற்கு அவசரத்தைக் காரணம் காட்டுகிறார்கள். கதவு போடுகிற தச்சனுக்குத் தாழ்ப்பாள் போட எத்தனை நேரம் ஆகும்? தீர்மானம் செய்த மேஜையைச் சுற்றி அதைப் பற்றிக் கவலைப்படவேண்டியவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை என்பதே உண்மையான காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பெண்ணைக் கேட்காமலே அவளைக் காப்பாற்றக் கிளம்புவது நமக்கும் பழக்கமான காரியம். தேசப் பிரிவினையின்போது கடத்தப்பட்ட பெண்களை மீட்க 1949-இல் நம் அரசியல் நிர்ணய சபை செய்த சட்டம், போலீசாருக்கு அவர்களைக் கண்டுபிடித்து முகாமில் வைக்க அதிகாரம் கொடுத்தது. திரும்பிப் போக உனக்கு இஷ்டமா என்று கேட்கும் கடமையை யாருக்கும் விதிக்கவில்லை. சட்டம் செய்தவர்களின் நோக்கம் சுத்தமானதுதான். ஆயினும் குழந்தையும் கையுமாக நின்ற பல பெண்கள் இரண்டாம் முறையும் வேரோடு பிடுங்கப்பட்டார்கள். குத்துப்பாலாங்கிலும் பாதுகாப்பு என்று சொல்லி முகாம்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். 2021 மார்ச் 22-ஆம் தேதி பாலுக்காலி முகாமில் தீப்பிடித்து நாற்பத்தையாயிரம் பேர் வரையில் வீடிழந்தபோது, அந்த வேலி தப்பியோடத் தடையாக நின்றது என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். காப்பாற்றுவது வேறு, அடைத்துவைப்பது வேறு என்பதை அதிகாரிகளும் முகாமின் பெரியவர்களும் சேர்ந்தே மறந்துவிடுகிறார்கள். பெண்பிள்ளை வெளியே போகாமல் இருந்தால் ஆபத்து வராது என்று சொல்லிப் பள்ளிக்கூடத்திலிருந்து அவளை நிறுத்துவதும் இந்த மறதியில் சேர்ந்ததே. மாறுதலும் நடந்திருக்கிறது: 2018-இல் ஷால்பாகான் முகாமில் மாஜிகளுக்குப் பதிலாகப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தபோது பாதிப்பேர் பெண்கள்.

பணம் குறையும்போது மாதர் நிலையம் போன்றவையே முதலில் வெட்டப்படுகின்றன என்பதுதான் என் கோபம். சோறும் தப்பவில்லை: 2023-இல் அந்த முகாம்களில் தலைக்கு மாதம் 12 டாலராக இருந்த உணவு உதவி மார்ச்சில் 10 ஆகி, ஜூனில் 8 ஆயிற்று. அடுத்த ஆண்டுதான் பழைய நிலைக்கு வந்தது. வீட்டில் சோறு குறைந்தால் கடைசியில் உட்காருகிறவள் யார், மலேசியாவில் மாப்பிள்ளை இருக்கிறான் என்று தரகன் காட்டும் படகில் ஏறுகிறவள் யார் என்று விளக்கவேண்டுமா? கணக்கு எழுதுகிறவர்கள் அரிசியை அத்தியாவசியம் என்கிறார்கள், மாதர் நிலையத்தை அடுத்தபடி என்கிறார்கள். அந்த வகுப்புப் பிரிப்பை நான் ஏற்கமாட்டேன்.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று நாம் இருந்துவிட முடியாது. சென்னைக்குப் பக்கத்தில் கேளம்பாக்கத்தில் புயல் நிவாரணத்துக்காகக் கட்டிய கட்டிடத்தில் சில ரோஹிங்கியாக் குடும்பங்கள் பல வருஷங்களாகவே வாழ்ந்துவருகின்றன. 2009-இல் இலங்கையில் வவுனியாவுக்கு அருகே செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் முள்வேலிக்குள் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட தமிழர்கள் அடைபட்டிருந்தபோது, காவல் வீரர்கள் பார்க்கத் திறந்த வெளியில் குளித்த நம் சகோதரிகளின் கதை மறக்கக்கூடியதா? 1983 முதல் கடல் கடந்து நம்மிடம் வந்த இலங்கைத் தமிழர்கள் மண்டபத்திலும் நூற்றுக்கு மேற்பட்ட மற்ற முகாம்களிலும் பத்தடி அறைகளில் மகள்களை வளர்த்து ஆளாக்கினார்கள். அந்த முகாம்களை மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவதாகத் தமிழக அரசு 2021-இல் அறிவித்தது, வரவேற்கவேண்டிய காரியம். அகதியாகாத பெண்ணுக்கும் இந்தக் கதி உண்டு: 2018 நவம்பரில் கஜா புயலன்று தஞ்சை ஜில்லாவில், வயதுக்கு வந்தவள் என்று தனிக் குடிசையில் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த ஒரு சிறுமி, தென்னை மரம் அந்தக் குடிசைமேல் சாய்ந்து இறந்துபோனாள். அவளைக் கொன்றது புயல் ஒன்றுதானா?

ஐப்பசி கார்த்திகை வந்தால் நம் கடற்கரை ஜில்லாக்களில் ஜனங்களைப் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் கொண்டுபோய்த் தங்கவைப்பது வருஷா வருஷம் நடக்கிற காரியம். இந்த முறை அந்தப் பட்டியல் தயாராகும்பொழுது, ஊராட்சித் தலைவரிடமும் தாசில்தாரிடமும் வாசகர்கள் ஒரு விஷயம் கேட்கவேண்டும்: அரிசி, பாய், பிஸ்கட், மெழுகுவர்த்தி என்று எழுதிய காகிதத்தில், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, அதற்குத் தாழ்ப்பாள், வெளியே ஒரு விளக்கு, நாப்கின், அந்த வட்டாரத்துக் கர்ப்பிணிகளின் பெயரும் பிரசவ தேதியும் ஆகிய இவையும் இடம்பெற்றிருக்கின்றனவா? இல்லையென்றால், அந்த ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவினரை அழைத்து, அவர்களை வைத்தே அந்தக் காகிதத்தை மறுபடி எழுதச் சொல்லுங்கள்.